சைக்கிள் சக்கரத்து நாதஸ்வரம்

போன மாதம் என் மருமகன் ஒரு பாட்டுப்பெட்டி வாங்கி வந்தார். கறுப்புத் தட்டுகளைப் போட்டுக் கேட்கிற பெட்டி. இப்போது மறுபடியும் எல்லாரும் இதைத்தான் தேடித் தேடி வாங்குகிறார்களாம். சிரம்பான் பக்கத்து மம்பாவ் ஊரில் இருக்கிற வீட்டின் முன்னறையில் கண்ணாடி மூடி போட்டு வைத்திருக்கிறார்.

"அத்தே, இத மட்டும் தொடாதீங்க. ஊசி ஒடஞ்சா சாமான் கெடைக்காது" என்றார்.

சரி என்று தலையை ஆட்டினேன். ஊசியைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவருக்குத் தெரியாது.

என் சேலைகளுக்கு அடியில் ஒரு தட்டு கிடந்தது. நாதஸ்வரத் தட்டு. இத்தனை வீடு மாறியும் அதை நான் விடவில்லை. எடுத்துக் கொடுத்தேன். மருமகன் துடைத்து, பெட்டியில் வைத்து, ஊசியை இறக்கினார். தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தம் வந்தது. அதற்கு அடியில், கிணற்றுக்குள் விழுந்தவன் கூப்பிடுவது போல, எங்கோ ஒரு நாதஸ்வரம் கேட்டது. அவர் பதறிப் போய் ஊசியைத் தூக்கிவிட்டார்.

"ஐயோ, யாரு அத்தே இப்படிப் பண்ணது? ஆணிய வெச்சு உழுத மாதிரி இருக்கே!"

"நான்தான்" என்றேன்.

சமையற்கட்டிலிருந்து என் மகள் எட்டிப் பார்த்தாள். "நானுந்தான்" என்றாள்.

அவளுடைய இடது கன்னத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டியும் மறையவில்லை. சின்ன வயதில் சைக்கிளில் இருந்து விழுந்தது என்று மருமகன் இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு உட்காரவைத்து அவரிடம் சொன்னதை இங்கே எழுதுகிறேன். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை கிடையாது.

சிரம்பானிலிருந்து கோலா கிளாவாங் போகிற மலைப்பாதையில், வலது கைப் பக்கம் செம்மண் ரோடு இறங்கும். அதில் மூன்று மைல் போனால் எங்கள் ரப்பர்த் தோட்டம். நான் பால்மரம் வெட்டினேன். என் வீட்டுக்காரர் ரப்பர் காயவைக்கிற ஸ்டோரில் வேலை செய்தார். எங்களுக்கு ஒரே மகள்.

என்னைப் போல் மரம் வெட்டுகிறவர் அந்தத் தோட்டத்தில் ஆணிலும் இல்லை, பெண்ணிலும் இல்லை. பால் இருப்பது பட்டையில். பட்டைக்கு உள்ளே கட்டை. உளியைப் பட்டையோடு நிறுத்த வேண்டும். கொஞ்சம் அழுத்திவிட்டால் கட்டையில் பட்டுவிடும்; அதைக் காயம் என்போம். காயம் பட்ட இடம் பிற்பாடு முண்டு முண்டாக வீங்கிக்கொள்ளும், அங்கே உளி ஓடாது. என் நிரையில் நானூறு மரம். ஒன்றில்கூடக் காயம் கிடையாது. காலையில் வேலைக்கு வரிசையாக நிற்கிற பெரட்டில் பெயர் கூப்பிடும்போது மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்கள். நான் நிமிர்ந்து நிற்பேன். அதுவே சில பேருக்கு ஆகாது.

முக்கியமாக மண்டோருக்கு ஆகாது. வெட்டுக்காரர்களை மேய்க்கிறவர் மண்டோர். எங்கள் மண்டோர் கோயில் தலைவரும்கூட. காட்டில் அவர் வைத்தது சட்டம், நாங்கள் குடியிருக்கிற லயத்து வீடுகளிலும் அவர் வைத்ததுதான் சட்டம். கையில் ஒரு சின்ன இரும்புக் குச்சியோடு மரம் மரமாகக் குத்திப் பார்ப்பார், காயம் இருக்கிறதா என்று. என் நிரைக்கு வந்துவிட்டு ஒன்றும் கிடைக்காமல் திரும்பும்போது அந்தக் குச்சியால் தன் தொடையிலேயே தட்டிக்கொண்டு போவார்.

பள்ளிக்கூட விடுமுறையில் என் மகள் காட்டுக்கு வந்தாள். பன்னிரண்டு வயது. மரத்தில் கட்டிய மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றுவாள், துடைப்பாள். அன்று நான் இரண்டு வாளியையும் காண்டா கம்பில் மாட்டித் தோளில் வைத்துக்கொண்டு மேட்டில் இருந்து இறங்கி வந்தேன். கீழே பிள்ளை என் உளியை எடுத்து ஒரு மரத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு ஒரு மரம் குறையட்டும் என்று நினைத்திருக்கிறாள். அழுத்திவிட்டாள். பட்டை பிளந்து வெள்ளைக் கட்டை தெரிந்தது.

நான் வாய் திறப்பதற்குள் மண்டோர் வந்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளையின் சடையைக் கையில் சுற்றி, முகத்தைக் கொண்டுபோய் அந்த வெட்டின் மேல் வைத்து, மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்தார்.

"காயம்னா எப்படி வலிக்கும்னு தெரியணும்லா. தெரியுதா? தெரியுதா இப்ப?"

இரண்டாவது தடவையும் இழுத்தார். பட்டைச் சிராய் கன்னத்தில் ஏறி, ரத்தமும் மரத்துப் பாலும் சேர்ந்து வழிந்தன. பிள்ளை கத்தவில்லை. மூச்சு விடாமல் என்னைப் பார்த்தாள்.

நான் வாளிகளை இறக்கி வைத்தேன். மெதுவாகத்தான் வைத்தேன். ஒரு சொட்டுப் பால் சிந்தவில்லை. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் பெருமை. பிறகு காண்டா கம்பை இரண்டு கையாலும் பிடித்து மண்டோரின் தோளில் இறக்கினேன். கழுத்துக்குப் பக்கத்து எலும்பு முறிந்தது. காய்ந்த கிளையை மிதித்த மாதிரி சத்தம். அவர் மண்டியிட்டு உட்கார்ந்தார். முதுகில் இன்னொன்று வைத்தேன். அந்த இரண்டாவது அடி தேவையே இல்லை. இருந்தாலும் வைத்தேன்.

அவர் துரையிடம் புகார் கொடுக்கவில்லை. ஒரு பொம்பளை கையால் அடி வாங்கினேன் என்று எந்த வாயால் சொல்வார்? மரத்தில் இருந்து கிளை விழுந்தது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டு, கோயில் வாசலில் கூட்டம் போட்டார். தோளில் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"கால்ல விழணும். ஊரு பாக்க, சாமி பாக்க. அவ்ளோதான் கேக்குறேன்" என்றார்.

என் வீட்டுக்காரர் என் முழங்கையைக் கிள்ளினார். அவர் கோழியைக்கூட அறுக்கமாட்டார், நான்தான் அறுப்பேன். "இந்தா புள்ள, விழுந்து எந்திரிச்சுடு. குனிஞ்சா என்னா, முதுகா ஒடிஞ்சுரும்?" என்று காதோடு சொன்னார்.

"விழறேன்" என்று நான் எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். "முதல்ல அவரு எம்மக கால்ல விழட்டும். அவரு எந்திரிச்சதும் நான் விழறேன்."

யாரோ பின்னால் சிரித்துவிட்டார்கள். சிரித்தது மண்டோரின் பெண்சாதி என்று பிறகுதான் தெரிந்தது. அந்தச் சிரிப்பில் எங்கள் தலையெழுத்து முடிந்தது. எங்கள் வீட்டுக்குக் கட்டுப்பாடு போட்டார்கள். யாரும் எங்கள் படி ஏறக் கூடாது. நெருப்புக் கொடுக்கக் கூடாது. நல்லதுக்கும் கெட்டதுக்கும் எங்கள் வாசலில் மேளம் கேட்கக் கூடாது. குழாய் ரேடியோ கட்டக் கூடாது.

ஒரு மாதத்தில் என் மகள் பெரிய பிள்ளையானாள்.

தோட்டத்தில் சடங்கு என்றால் முதலில் சத்தம்தான். காலையில் கூரை மேல் குழாய் கட்டி, பேட்டரியில் தட்டுப் போட்டால் நாலு லயத்துக்கும் கேட்கும். நாதஸ்வரம் கேட்டதும் பெண்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒற்றைப்படையில் நின்று பிள்ளைக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். தெமியாங்கில் இருந்து குழாய் கட்ட வருகிற ஆளிடம் போய்க் கேட்டேன். அவர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "மண்டோரு சொன்னாத்தான் எனக்கு அங்க பத்துக் கல்யாணம் வருது. நான் வந்தா நாளைக்கு என்னைக் கூப்புடுவாரா? நீங்களே சொல்லுங்க." மேளக்காரர்களும் அதையே சொன்னார்கள்.

திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர், "சத்தமில்லாம ரெண்டு சொம்பு ஊத்தி முடிச்சுருவோம், புள்ள" என்றார்.

சாவுக்குக்கூடத் தப்பு அடிக்கிறார்கள். சத்தமே இல்லாமல் நடப்பது திருட்டு ஒன்றுதான். என் மகள் எதையும் திருடவில்லை. கன்னத்துப் பொருக்கு அப்போதுதான் உதிர்ந்திருந்தது. கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் தலை சீவுவாள். அவளுக்கு நாதஸ்வரம் கேட்காமல் தண்ணீர் ஊற்றமாட்டேன் என்று முடிவு செய்தேன்.

என்னிடம் மூன்று தட்டுகள் இருந்தன. அதற்கு முந்தைய வருடம்வரை நான் மத்தியானத்தில் கிராணி வீட்டில் பாத்திரம் கழுவினேன். ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி, யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவர் சிரம்பானுக்கு மாற்றலாகிப் போகும்போது அந்த அம்மா மூன்று தட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனார். "இதெல்லாம் கீறல் விழுந்தது பிள்ளை. வேணுமெண்டால் கொண்டு போ. சுவரிலை மாட்டினால் வடிவாய் இருக்கும்." இரண்டு சினிமாப் பாட்டு, ஒன்று நாதஸ்வரம். என்னிடம் பெட்டி ஏது? நிஜமாகவே சுவரில்தான் மாட்டி வைத்திருந்தேன்.

அந்த வீட்டில் ஒருநாள் ஒன்று பார்த்திருந்தேன். தட்டு பாடிக்கொண்டிருக்கும்போது தோட்டத்து மோட்டார் நின்று கரண்டு போய்விட்டது. பெட்டிக்குள் இருந்து வந்த சத்தம் செத்துவிட்டது. ஆனால் தட்டு உடனே நிற்கவில்லை. போகிற போக்கில் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றியது. நான் தூசி தட்டக் குனிந்திருந்தேன். என் காதுக்குக் கீழே ஊசி பாடியது. கரண்டே இல்லாமல், கொசு மாதிரி, அந்தப் பாட்டையே பாடியது. அன்றைக்கே புரிந்துகொண்டேன். பாடுவது ஊசி. பெட்டி அதைக் கத்த வைக்கிறது, அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரரின் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து முன் சக்கரத்தைக் கழற்றினேன்.

"ஏ புள்ள! நான் ஸ்டோருக்கு எதுல போவேன்?"

"கால்ல போங்க. அத என்னா, குனியறதுக்கு மட்டுமா வெச்சிருக்கீங்க?"

பால்டின் அடுக்கி வருகிற ஒரு மரப்பெட்டியில் ஓட்டை போட்டு, சக்கரத்தின் அச்சு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும்படி திருகி இறுக்கினேன். சக்கரம் படுத்த வாக்கில் சுற்றியது. கம்பிகளின் மேல் ஒரு பலகையை வட்டமாக வெட்டிக் கட்டினேன். தட்டின் நடு ஓட்டைக்குள் அச்சு நுழையவில்லை. உளி முனையால் ஓட்டையைச் சுரண்டினேன். டயரை விரலால் தள்ளிவிட்டால் போதும், சுற்றும். டயரின் கனத்தில் அது சீக்கிரம் நிற்காது.

குழாய்க்குப் பதிலாக, மண்ணெண்ணெய் ஊற்றுகிற தகரப் புனலை எடுத்து, அதன் வாயில் தையல் ஊசியைக் கட்டினேன். ஒரு சினிமாத் தட்டை வைத்து ஊசியை இறக்கிச் சுற்றினேன். பன்றியை அறுக்கிற சத்தம் வந்தது. ஒரு சுற்றில் தட்டின் மேல் சாம்பல் நிறத்தில் சுருள் சுருளாக எழுந்தது. ஊசி கட்டை வரைக்கும் போய்விட்டது. தட்டு செத்தது. என் கையாலேயே காயம் போட்டேனே என்று அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் யோசித்தேன். உளியில் நான் எங்கே அழுத்துகிறேன்? அழுத்துவதே கிடையாது. உளியைத் தாங்கிப் பிடிக்கிறேன். பட்டை தானாக வருகிறது. தகரப் புனலை எறிந்துவிட்டு, சாமிப் படம் போட்ட காலண்டர் அட்டையைக் கூம்பாகச் சுருட்டிக் கஞ்சி போட்டு ஒட்டினேன். ஊசியை அதன் நுனியில் செருகினேன். கூம்பின் வயிற்றில் நூல் கட்டி, மேல் உத்திரத்தில் தொங்கவிட்டேன். கனம் முழுக்க நூலில். தட்டில் பட்டது ஊசியின் மூக்கு மட்டும்.

இரண்டாவது தட்டை வைத்தேன். பாடியது.

என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்து கூம்பில் காதை வைத்தார். நான் மெதுவாகத் தள்ளினேன். "எருமை பாடுது" என்றார். வேகமாகத் தள்ளினேன். "இப்ப எலி." ஒரு வாரம் அந்தத் தட்டை வைத்துக் கையைப் பழக்கினேன். மனுசக் குரல் வருகிற வேகம் ஒன்றே ஒன்றுதான். மரத்தைச் சுற்றி உளியை ஓட்டுகிற கை எனக்கு, பிடித்துவிட்டேன். மகளும் பக்கத்தில் உட்கார்ந்து தள்ளிப் பார்ப்பாள். அவள் கை என் கையைவிட மென்மையானது. அந்த வாரத்தில்தான் பிள்ளை முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். ஒவ்வொரு தடவை சுற்றும்போதும் ஊசி கொஞ்சம் தின்றது. வாரக் கடைசியில் அந்தத் தட்டும் சத்தில்லாமல் போயிற்று. நாதஸ்வரத் தட்டை மட்டும் நான் தொடவில்லை. அதைச் சடங்கு அன்றைக்குத்தான் வைப்பது என்று இருந்தேன்.

சத்தம்தான் குறை. வீட்டுக்குள் இருந்தால் கேட்கும். வாசலுக்குப் போனால் கேட்காது. "நாலு லயத்துக்கும் கேக்கவா போவுது?" என்றார் என் வீட்டுக்காரர். "எம்மகளுக்குக் கேட்டாப் போதும்" என்றேன். அது பொய். எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. மண்டோருக்கு முதலில் கேட்க வேண்டும்.

பதினாறாம் நாள் காலையில் கோலா கிளாவாங் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து என் தம்பி வந்தான். தாய்மாமன் என்ற முறையில் அவன்தான் வாசலில் தென்னங்கீற்றுக் குச்சு கட்டி, பிள்ளையை உள்ளே உட்காரவைத்தான். வேறு யாரும் வரவில்லை. எதிர் லயத்தில் எல்லாக் கதவும் ஒரு சாண் திறந்திருந்தது. ஒவ்வொரு சாணிலும் இரண்டு கண்.

நான் கதவை ஒட்டி உள்ளே உட்கார்ந்து நாதஸ்வரத் தட்டை வைத்து, ஊசியை இறக்கி, சக்கரத்தைத் தள்ளினேன். கேட்டது. சுத்தமாக, சீராக. குச்சுக்குள் என் மகள் தலையைத் திருப்பினாள். என் வீட்டுக்காரர் சொம்பில் மஞ்சள் தண்ணீரோடு நின்றார். முதல் சொம்பை யார் ஊற்றுவது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மண்டோர் வந்தார்.

கோயில் ஆட்கள் இரண்டு பேர் கூட. மண்டோரின் எலும்பு கூடியிருந்தது, ஆனால் ஒரு தோள் இறங்கிப்போய் நின்றது. கையில் இரும்புக் குச்சி இல்லை. விறகுக் கட்டை இருந்தது.

"சைக்கிள் சக்கரத்துல மேளமாமே? எங்க, காட்டு. நானும் பாக்குறேன்."

தம்பி குறுக்கே நின்றான். "மண்டோரே, சடங்கு நடக்குது. முடியட்டும், அப்பறம் பேசிக்கலாம்."

"நீ எவன்டா, என் தோட்டத்துல?"

கேட்டுக்கொண்டே கட்டையை வீசினார். தம்பியின் புருவம் பிளந்தது. ரத்தம் கண்ணை மூடிவிட்டது. அவன் குருடன் மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அவர்கள் மேல் பாய்ந்தான். கோயில் ஆட்கள் அவனைக் கீழே தள்ளி, விலாவில் மிதித்தார்கள். சத்தம் எனக்குள் கேட்டது. என் விரல் டயரில் இருந்தது. எழுந்தால் தட்டு நின்றுவிடும். நின்றால் அவர் ஜெயித்தார். தள்ளிக்கொண்டே இருந்தேன். என் கூடப்பிறந்தவனை மிதிக்கிறார்கள், நான் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கிறேன். அது என் வாழ்நாளில் நான் செய்த மிகக் கொடுமையான வேலை.

அப்போது என் வீட்டுக்காரர் ஒன்று செய்தார். சொம்பை ஓரமாக வைத்துவிட்டு, கோழி அறுக்காத அந்த மனுசன், மண்டோரின் கட்டை பிடித்த கையைப் பிடித்துக் கடித்தார். சாதாரணக் கடி இல்லை. நாய் மாதிரி, விடாமல் தலையை ஆட்டி ஆட்டிக் கடித்தார். மண்டோர் அலறிக்கொண்டு இன்னொரு கையால் அவர் தலையில் குத்தினார், குத்தினார், குத்திக்கொண்டே இருந்தார். கட்டை கீழே விழுந்தது. என் வீட்டுக்காரர் வாய் முழுக்க ரத்தம். கடைசியில் ஒரு குத்தில் பிடி விட்டு, கதவில் மோதி விழுந்தார். மண்டோர் குனிந்து கட்டையை எடுத்துக்கொண்டு நேராக உள்ளே பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார்.

நான் எழுந்தேன்.

காண்டா கம்பு கதவுக்குப் பின்னால்தான் சாத்தியிருந்தது. இந்தத் தடவை இறக்கி வைக்க வாளி இல்லை. படியில் ஏறி வந்தவரின் முழங்காலில் பக்கவாட்டாக அடித்தேன். கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியது. அவர் படியிலிருந்து புழுதியில் விழுந்தார். தம்பியை மிதித்துக்கொண்டிருந்த இருவரும் திரும்பினார்கள். ஒருவனுக்கு மணிக்கட்டில் விழுந்தது. மற்றவன் என் கண்ணைப் பார்த்துவிட்டுப் பின்னால் போனான். "வாடா, வா" என்றேன். அவன் வரவில்லை.

அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. மண்டோர்கூட வாயைத் திறந்து வைத்திருந்தார், சத்தம் வரவில்லை. எதிர் லயத்துக் கதவுகள் எல்லாம் முழுக்கத் திறந்திருந்தன. எல்லாரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். குழந்தைகள்கூட அழவில்லை. அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு புழுதியில் சொட்டுகிற ரத்தத்தைப் பார்த்தார்கள்.

அந்த அமைதியில் நாதஸ்வரம் கேட்டது.

நான் திரும்பிப் பார்த்தேன். நான் எழுந்த இடத்தில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். குச்சை விட்டு வெளியே வரக் கூடாது, காலைக்கூட அசைக்கக் கூடாது என்று சொல்லித்தான் உட்காரவைத்திருந்தோம். வந்துவிட்டாள். தழும்பு உள்ள கன்னம் வாசலைப் பார்த்து இருந்தது, மறைக்கவில்லை. ஒரு விரலால் டயரைத் தள்ளிக்கொண்டிருந்தாள். எருமையும் இல்லை, எலியும் இல்லை. சரியான வேகம். கொசு அளவு சத்தம்தான். ஆனால் அந்த வாசலில் அன்றைக்கு அதைத் தவிர வேறு சத்தமே இல்லை. எதிர் லயத்தில் கடைசி வீட்டுக் கிழவர், "நாயனம்லா வாசிக்குது" என்றார். அந்தத் தூரத்துக்குக் கேட்டிருக்கிறது.

மண்டோரின் பெண்சாதி தன் வீட்டில் இருந்து இறங்கி வந்தாள். ஒல்லியான பெண், என்னைவிட இளையவள். கையில் வெற்றிலைத் தட்டு. புருசன் கிடந்த இடத்துக்கு வந்ததும் சேலையை லேசாகத் தூக்கிக்கொண்டாள், ரத்தம் படாமல் இருக்க.

"அடியே! அந்தப் படியில ஏறின, கால வெட்டிருவேன்!" என்றார் மண்டோர், கிடந்தபடியே.

அவள் நின்று குனிந்து அவரைப் பார்த்தாள். "முதல்ல உன் கால நிமுத்திக்க. அப்பறம் என் கால வெட்டுவ" என்றாள். ஏறி வந்துவிட்டாள்.

என்னிடம், "அக்கா, உங்களுக்காக வரல. பிள்ளைக்காக வந்தேன்" என்றாள்.

"யாருக்காக வந்தா என்னா. சொம்பு அங்க இருக்கு" என்றேன்.

அவள்தான் முதல் தண்ணீர் ஊற்றினாள். தட்டின் ஒரு பக்கம் முடிவதற்குள் இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள். மூன்று பேர். ஒற்றைப்படைதான். பிள்ளையைக் குச்சுக்குள் வைத்து ஊற்றினோம். சக்கரத்தை என் வீட்டுக்காரர் சுற்றினார். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. வேகம் சரியில்லை, எருமைதான் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. தம்பி சுவரில் சாய்ந்து புருவத்தில் துணியை அழுத்திக்கொண்டு, "அக்கா, இன்னங் கொஞ்சம் வேகமாச் சுத்தச் சொல்லு மாமாவ" என்று மட்டும் சொன்னான்.

இந்தத் தடவை கிளை விழுந்தது என்று சொல்ல முடியாது. துரை என்னைக் கூப்பிடக்கூட இல்லை. மூன்று நாளில் வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தான். தம்பி தோட்டத்தில் இடம் இருந்தது. நான் அழவில்லை. நானூறு மரத்தையும் ஒருதடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், அவ்வளவுதான்.

அந்த மூன்று நாளில் மண்டோர் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். கால்தான் போயிற்று, கை இருந்தது. கஞ்சி கொடுக்கக் குனிந்த பெண்சாதியின் தலைமுடியைப் பிடித்து, பித்தளைச் சொம்பால் காதோடு சேர்த்து அடித்தார். எத்தனை அடி என்று தெரியாது. பட்டப்பகலில், லயமே கேட்க. நான் காண்டா கம்போடு ஓடினேன். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. கதவை உடைத்தேன். நான் உள்ளே போனபோது அவள் மூலையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், விரல் இடுக்கில் ரத்தம். கம்பை ஓங்கினேன். அவள் என் காலைப் பிடித்துக்கொண்டாள். "வேணாங்க்கா. நீங்க போயிருவீங்க. நாந்தான் இங்க இருக்கணும்."

ஓங்கிய கம்பை இறக்கினேன். என் வாழ்க்கையில் அடிக்காமல் இறக்கியது அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் லாரி வந்தது. சாமான் எல்லாம் ஏற்றி, சைக்கிளில் முன் சக்கரத்தை மறுபடி மாட்டி, அதையும் மேலே கட்டியாயிற்று. லாரிக்காரர் ஹாரன் அடித்தார். அப்போது மண்டோரின் பெண்சாதி வந்தாள். காதில் பஞ்சு, முகத்தின் ஒரு பக்கம் கறுத்திருந்தது.

"அக்கா, அந்த நாயனத்த அன்னைக்கு நான் சரியாக் கேக்கல. தண்ணி ஊத்துற அவசரத்துல இருந்துட்டேன்" என்றாள்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

"இப்பத்தான் மாட்டினேன்" என்றார் அவர்.

"கழட்டுங்க."

முணுமுணுத்துக்கொண்டே லாரியில் ஏறி, கயிற்றை அவிழ்த்து, சைக்கிளைக் கவிழ்த்துத் திருப்புளியை எடுத்தார். லாரிக்காரர் இறங்கி வந்து, "என்னாலா இது, நேரமாச்சு, மழை வர்ற மாதிரி இருக்கு" என்று கத்தினார். நான் திரும்பிப் பார்த்ததும் போய்ச் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். வெறும் வீட்டில், உத்திரத்தில் நூலைக் கட்டி, பால்டின் பெட்டியில் சக்கரத்தைப் பூட்டினோம். மகள் உட்கார்ந்து டயரைத் தள்ளினாள்.

மண்டோரின் பெண்சாதி குனிந்து கூம்பில் காதை வைத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சட்டென்று நிமிர்ந்து, தலையைத் திருப்பி, மற்றக் காதை வைத்தாள். அப்போதுதான் எனக்கும் புரிந்தது, ஒரு காது போய்விட்டது என்று. பிறகு அசையவே இல்லை. தட்டு ஒரு பக்கம் முடிகிறவரைக்கும் அப்படியே குனிந்து நின்றாள். ஊசி நடுவுக்கு வந்து கரகரவென்று சுற்றியது. தட்டின் மேல் சாம்பல் நிறப் பொடி பூத்திருந்தது.

"இன்னொரு தடவ போடுங்க" என்றாள்.

"ஊசி தின்னுருது, அத்தே" என்றாள் என் மகள். "தட்டு கீறிப் போயிரும்."

"கீறட்டும்லா" என்றாள் அவள், காதை எடுக்காமல்.

என் மகள் என்னைப் பார்த்தாள். நான் கூம்பைத் தூக்கி, ஊசியைத் தட்டின் ஓரத்தில் மறுபடி இறக்கி வைத்தேன்.